பெட்டியில் அச்சிட்ட எண்ணும் கைக்கு வரும் மின்சாரமும்: எல்லைத் தமிழர்களுக்கு எந்தப் பவர் பேங்க்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடைப்பலகைகளில் மலையாளம் சேர்ந்துகொள்கிறது. பேச்சு மட்டும் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தமிழாகவே வருகிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் முழுக்கத் தமிழ் புழங்கும் ஊர்கள். இதே கேரள மாநிலத்தின் இன்னொரு ஓரத்தில், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளில், தேயிலையையும் ஏலத்தையும் நம்பித் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். முன்னது வெயிலும் காற்றும் தென்னையும் உள்ள சமவெளி. பின்னது மழையும் மூடுபனியும் மண்சரிவும் உள்ள மலை. இரண்டு இடத்திலும் கரண்ட் போனால் முதலில் எழும் கவலை கைபேசியைப் பற்றித்தான்.

அந்தக் கவலை நியாயமானது. கூலி வங்கிக்கு வருகிறது. பால் பணமும் அப்படியே. மளிகைக்கடையில் காசு கொடுப்பதும் கைபேசியில். ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலையிடத்தில் ஆட்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். பணித்தளப் பொறுப்பாளரான ‘மேட்’டின் கைபேசி மதியத்துக்குள் அணைந்துவிட்டால் அன்றைக்கு மண் சுமந்த அத்தனை பேருடைய வருகையும் கேள்விக்குள்ளாகும். இப்படிப்பட்ட இடத்தில் பவர் பேங்க் என்பது பேருந்தில் படம் பார்ப்பவர்களின் உபரிச் சாமான் அல்ல. வீட்டுக்கு வேண்டிய பொருள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை எம்.ஏ.எச்.?” என்பது. கடைக்காரரும் அதையே முன்னே வைக்கிறார். பெட்டியிலும் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் சொல்ல வருவது, அந்த எண்ணை வைத்து மட்டும் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள் என்பதே. அந்த எண் முழுப்பொய் என்று சொல்லவில்லை. நல்ல நிறுவனத்தின் பெட்டியில் அது உண்மையான எண்தான். ஆனால் நமக்குக் கிடைக்கப்போகும் மின்சாரத்தின் அளவு அது அல்ல.

10000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கொள்ளளவு. அந்தச் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். கேபிள் வழியாகக் கைபேசிக்குப் போக வேண்டியதோ குறைந்தது 5 வோல்ட். இந்த ஏற்றத்தை உள்ளே இருக்கும் ஒரு சிறிய சுற்று செய்கிறது. கிணற்று நீரை மேட்டு வயலுக்கு இறைக்கும்போது வாய்க்காலில் கொஞ்சம் உறிஞ்சப்படுவதுபோல், ஏற்றத்தில் ஒரு பங்கு சூடாகக் கழிந்துவிடும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10000 எம்.ஏ.எச்., அதாவது 10 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி. இதை 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7400 எம்.ஏ.எச். ஏற்றத்தில் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது ஏறக்குறைய 6300. நேர்மையான நிறுவனங்கள் இந்த இரண்டாவது எண்ணையும் பெட்டியின் பின்புறத்திலோ பவர் பேங்கின் அடிப்பக்கத்திலோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். “ரேட்டட் கெபாசிட்டி” என்று இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படிக்க வேண்டிய வரி அது. 10000 என்று விற்கும் பொருளில் அந்த வரி 5500-க்கும் 6500-க்கும் இடையில் இருந்தால் சரி. அந்த வரியே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

வாட்-மணி என்ற அளவு நமக்குப் புதிதல்ல. மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட் 1000 வாட்-மணி. ஆக 10000 எம்.ஏ.எச். பவர் பேங்கை ஒருமுறை நிரப்ப, சார்ஜரின் இழப்பையும் சேர்த்து, யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவாகிறது. அதன் காசு ஒரு ரூபாய்கூட வராது. இன்று பரவலாக விற்கும் 5000 எம்.ஏ.எச். கைபேசியின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளும். 37-இல் இழப்புகள் போக, கைபேசி தன் பங்குக்குச் சூடாக்கும் இழப்பையும் கழித்தால், அதை ஒன்றரைத் தடவை நிரப்பலாம். “இரண்டு தடவை முழுசா ஏறும்” என்ற கடைப்பேச்சு எங்கே தவறுகிறது என்பது இப்போது விளங்கும். 20000 எம்.ஏ.எச். என்றால் மூன்று தடவை.

போலி விஷயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சந்தைத் தரைக்கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் ஊர் பேர் தெரியாத இணைய விற்பனைகளிலும் “50000”, “100000” என்ற எண்களோடு உள்ளங்கையளவுப் பெட்டிகள் வருகின்றன. இவற்றை அறிய மின்னியல் படிக்க வேண்டியதில்லை. காய்கறிக்கடைத் தராசு போதும். பவர் பேங்கில் பழகிவந்த உருளை செல்லுக்கு 18650 என்று பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம். அந்த அளவு செல்லில் தரமானதே 3500 எம்.ஏ.எச். அளவில்தான் நிற்கிறது. 10000-க்குக் குறைந்தது மூன்று செல் வேண்டும். கூட்டையும் சுற்றையும் சேர்த்தால் 200 கிராமை ஒட்டி வரும். 20000-க்கு ஆறு செல், 350 கிராமும் அதற்கு மேலும். தட்டையான பாலிமர் செல் வைத்தவை சற்றே இலேசாக இருக்கலாம், பாதியாகிவிடாது. 50000 என்று சொல்லும் பொருளுக்குச் செல்களின் எடை மட்டுமே 650 கிராமைத் தாண்ட வேண்டும். 300 கிராம் பெட்டியில் அது எப்படி இருக்கும்? எடை சரியாக வருவதாலேயே பொருள் அசல் என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய மடிக்கணினிப் பேட்டரிகளைப் பிரித்தெடுத்து, புது உறை போர்த்திய செல்களை உள்ளே வைத்தவையும் உண்டு. எடைச் சோதனை பெரிய பொய்யைப் பிடிக்கும். சின்னப் பொய்யைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழியை அரசாங்கமே வைத்திருக்கிறது, நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துகிறோம். இந்தியாவில் பவர் பேங்க் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவு வேண்டும். பவர் பேங்குக்கு உரிய தரம் ஐ.எஸ். 13252, உள்ளே இருக்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046. பதிவு பெற்ற பொருளின் மேல் தர முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும், அதை அடுத்து எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற இலவசச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருள், எந்த பிராண்டு, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பது வரும். இங்கே ஒரு குழப்பம் நேர்வது உண்டு. பிராண்டு ஒன்றாகவும் தொழிற்சாலையின் பெயர் வேறாகவும் இருக்கும். அது தவறில்லை, பல பிராண்டுகள் வேறொருவர் ஆலையில் செய்து வாங்குகின்றன, பதிவு அந்த ஆலைக்குத்தான் தரப்படுகிறது. பார்க்க வேண்டியது இரண்டு: பிராண்டின் பெயர் பட்டியலில் வருகிறதா, பொருள் பவர் பேங்க்தானா. சார்ஜருக்கு வாங்கிய எண்ணைப் பவர் பேங்கில் ஒட்டினால் இங்கே அகப்பட்டுவிடும். கடையில் நின்றபடி ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. எந்தக் கடைக்காரரும் இதற்காகக் கோபிக்கத் தேவையில்லை. கோபித்தால் அதுவே பதில்.

பெயர்பெற்ற பிராண்டு என்பதே போதாதா என்று கேட்பார்கள். 2025 ஜூனில், உலகப் புகழ்பெற்ற ஆங்கர் நிறுவனம் தன்னுடைய பவர்கோர் 10000 என்ற மாதிரியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் மட்டும் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்பப் பெற்றது. நம்மூரில் பலருக்கு நினைவிருக்கும், 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பி.எல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஊர் ஊராகக் கைபேசியின் முதுகைத் திறந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய நிறுவனமும் தவறும் என்பதை இரண்டும் காட்டுகின்றன. அதைவிட முக்கியமானது, அவர்களிடம் வரிசை எண் இருந்தது, அறிவிப்பு வந்தது, மாற்றித் தந்தார்கள் என்பது. பெயரில்லாத பெட்டி தவறினால் யாரைக் கேட்பது? பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இருநூறு முந்நூறு ரூபாய் இதற்கான விலை என்றே நான் கருதுகிறேன். பில்லைப் பத்திரப்படுத்துவதும் இதனால்தான். பொள்ளாச்சியில் வாங்குவதா பாலக்காட்டில் வாங்குவதா என்று எல்லைக்காரர்கள் கணக்குப் போட்ட காலம் ஒன்று உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, லித்தியம் பவர் பேங்குக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2019 ஜனவரி முதல் 18 ஆனது, இருபுறமும் ஒரே வரி. ஆகவே வாரண்டிக்குத் திரும்பிப் போக எந்த ஊர் தோதோ அங்கே வாங்கலாம். பெட்டியில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் வயதாகிறது. இரண்டு வருடம் கிட்டங்கியில் கிடந்ததைத் தள்ளுபடியில் வாங்குவது லாபமில்லை.

இனி வேகம். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பவர் பேங்க் கைபேசியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை மட்டுமே பேசுகிறார்கள். நம் பக்கத்துக்கு அதைவிடப் பெரிய கேள்வி, பவர் பேங்க் தானே எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பது. மழைக்காலத்தில் மூணாற்றுப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் நாளெல்லாம் இருக்காது. ஒரு மணி நேரம் வந்து மறுபடி போகும். 10 வாட்டில் ஏறும் பவர் பேங்க் அந்த ஒரு மணி நேரத்தில் 8 வாட்-மணியைத்தான் பிடித்துவைக்கும். கைபேசிக்கு அரை வயிறும் காணாது. 18 அல்லது 20 வாட்டில் ஏறுவது 15 வாட்-மணிக்கு மேல் பிடிக்கும். 20000 எம்.ஏ.எச். பெட்டியை 10 வாட்டில் முழுக்க நிரப்ப ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பெட்டியே அவ்வளவு அவசியமில்லை. ஆகவே உள்வாங்கும் வாட்டைப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ‘இன்புட்’ என்ற வரியில் இருக்கும். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் 18 வாட். அதைத் தரக்கூடிய சார்ஜரும் கையில் இருக்க வேண்டும். பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் செருகிவிட்டு “ஏறவே மாட்டேங்குது” என்று பவர் பேங்கைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

வெளியே தரும் வேகத்தில் ஒரு சூட்சுமம். டைப்-சி துளை வழியாக பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி., என்ற பொது ஒப்பந்தம் உண்டு. கைபேசியும் பவர் பேங்கும் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என்று ஒன்றைத் தீர்மானிக்கும். சில கைபேசி நிறுவனங்கள் தங்கள் சொந்த முறையில் 65 வாட், 80 வாட் என்று விளம்பரம் செய்கின்றன. அந்த வேகம் பெரும்பாலும் அவர்களுடைய சார்ஜருக்கும் கேபிளுக்கும் மட்டுமே. பொதுவான பவர் பேங்கில் அதே கைபேசி 10 வாட்டிலோ 18 வாட்டிலோதான் ஏறும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. கரண்ட் இல்லாத இரவில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் என்ன, இரண்டரை மணி நேரத்தில் ஏறினால் என்ன? வேகத்துக்காக மிகையாகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒல்லியான மலிவுக் கேபிளில் பாதி வேகம் போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மடிக்கணினி வைத்திருக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் விதிவிலக்கு. அவர்களுக்கு 45 வாட்டுக்குக் குறையாத பி.டி. வேண்டும், இல்லையென்றால் பல மடிக்கணினிகள் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளா.

சின்னச் சாமான்களில் நேர்மாறான சிக்கல். காதுக் கருவி, கைக்கடிகாரம், சிறிய டார்ச் போன்றவை மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும். எதுவும் செருகவில்லை என்று எண்ணிப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். பொத்தானை இருமுறை அழுத்தினால் குறை மின்னோட்ட முறைக்குப் போகும் வசதி சிலவற்றில் உண்டு. வயதானவர்கள் செவித்துணைக் கருவி வைத்திருக்கும் வீட்டில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வைஃபை ரவுட்டரைப் பவர் பேங்கில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்; பவர் பேங்க் நேராகத் தராது. அதற்கென்றே சிறிய யு.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது, அதுவே பொருத்தம்.

கோபாலபுரம் பக்கத்தின் எதிரி வெயில். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆடியில் சுகம், பங்குனி சித்திரையில் அனல். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விட்டது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. நிழலிலேயே 41 என்றால் தகரக் கூரை வீட்டின் அலமாரி மேலும், வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழும், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டிப் பெட்டியிலேயே பவர் பேங்கை வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்றுபவர்கள் ஒரே கோடையில் அதன் ஆயுளில் பெரும்பங்கை இழக்கிறார்கள். பவர் பேங்கைச் சுவரில் செருகி, அதே நேரத்தில் அதிலிருந்து கைபேசியையும் ஏற்றுவது இரட்டைச் சூடு, கோடையில் வேண்டாம். எல்லையோரத்தில் இன்னொரு விரயமும் இருக்கிறது. கோபுரம் தூரமாகி சிக்னல் மெலியும் இடத்தில் கைபேசி தன் சக்தியைக் கூட்டித்தான் பேசும். கேரள வட்டத்துக்கும் தமிழ்நாட்டு வட்டத்துக்கும் மாறி மாறித் தேடும்போதும் பேட்டரி கரையும். அமைப்புகளில் தானாகத் தேடுவதை நிறுத்தி நெட்வொர்க்கை நாமே தேர்ந்தால், பவர் பேங்குக்குப் போகும் முன்பே கொஞ்சம் மிச்சப்படும்.

மலையில் கதை வேறு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுப் பக்கம் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், நயமக்காடு எஸ்டேட்டின் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் மீது மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும். கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அதில் பலர். நாட்கணக்கான மழையில் அங்கே கரண்டும் தொலைபேசித் தொடர்பும் முன்பே அற்றுப்போயிருந்தன. இரவு நடந்தது வெளியே தெரிய விடிய வேண்டியிருந்தது. பெரியவாரையின் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்பு வண்டிகளும் சுணங்கின. பவர் பேங்கைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்வதற்குக் காரணம், அதனால் ஆகாததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான ஆய்வாகும் என்பதே. ஒவ்வொரு வீட்டிலும் நிரம்பிய பவர் பேங்க் இருந்திருந்தாலும் கோபுரம் செத்த இடத்தில் அழைப்பு போயிருக்காது. கோபுரத்துக்கும் பேட்டரி உண்டு, ஜெனரேட்டர் உண்டு. ஆனால் சாலை அறுந்தால் டீசல் போய்ச் சேராது. 

ஆகிற காரியமும் இருக்கிறது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஒரு நாளும் கேரளத்தில் வேறொரு நாளும் எல்லாக் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். பேரிடர் எச்சரிக்கையைக் கோபுரத்திலிருந்து நேராக அனுப்பும் முறையின் சோதனை அது. கோபுரம் உயிரோடிருக்கும் கடைசி மணி நேரங்களில் அந்த எச்சரிக்கை வரலாம். அதைப் பெறுவதற்குக் கைபேசி உயிரோடிருக்க வேண்டும். பெட்டிமுடியில் சரிந்தது இரவு பதினொன்றை நெருங்கும்போது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் சரிந்தது நள்ளிரவு தாண்டி. இரண்டும் ஊர் உறங்கும் வேளை. ஆகவே மலை வீடுகளில் மழை எச்சரிக்கை உள்ள நாளில், பகலில் பாட்டுக்கும் படத்துக்கும் பவர் பேங்கைக் காலிசெய்துவிடாமல், படுக்கும் முன் கைபேசியை நிரப்பி ஒலியைத் திறந்து வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் 10000-க்கும் 20000-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட முக்கியமானது.

சூரிய ஒளியில் ஏறும் பவர் பேங்க் மலைக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. கைபேசியளவுப் பலகை நல்ல வெயிலில் ஒன்றரை வாட் தந்தாலே அதிகம். 37 வாட்-மணியை நிரப்ப இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேலான உச்சி வெயில் வேண்டும். நடைமுறையில் ஒரு வாரம். ஆனி ஆடி மூணாற்றில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? வெயில் இருக்கும் கோபாலபுரத்திலோ, செல்லையே வெயிலில் காயவைக்கும் வேலை அது. சூரிய மின்சாரம் வேண்டுமென்றால் தனியாக மடக்குப் பலகையை வாங்கி, அதை வெயிலிலும் பவர் பேங்கை நிழலிலும் வைக்க வேண்டும்.

எந்த அளவு வாங்குவது? சமவெளியில் பெரும்பாலானவர்களுக்கு 10000 போதும். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது, சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் கைப்பையில் அடங்குகிறது, ஒரு மாலை நேரக் கரண்டில் நிரம்புகிறது. ஊரக வேலை மேட்டுகளுக்கும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியும் முன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இருட்டிய பின் தேனிப் பக்கம் இறங்கும் பெண்களுக்கும் 5000 அளவில் இலேசானதே நல்லது. சோற்றுப் பாத்திரத்தோடு கால் கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டியதில்லை. 20000 மலை வீட்டுக்கு, அதிலும் மூன்று நான்கு கைபேசி உள்ள வீட்டுக்கு. அங்கேயும் என் சிபாரிசு, ஒரே 20000-க்குப் பதிலாக இரண்டு 10000. ஒன்று பழுதானால் ஒன்று மிஞ்சும். ஒருவர் வெளியே போனால் வீட்டில் ஒன்று இருக்கும். இரண்டு சார்ஜரில் ஒரே நேரத்தில் ஏற்றலாம். கூடவே, பொத்தான் கைபேசி ஒன்றில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு வைப்பது பெரிய பவர் பேங்கைவிட உதவும். அதன் 1000 எம்.ஏ.எச். பேட்டரி நாட்கணக்கில் தாங்கும், 10000 பவர் பேங்க் அதை ஆறு தடவைக்குக் குறையாமல் நிரப்பும், ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் இன்னொன்று கிடைக்க வாய்ப்புண்டு.

செல்லின் வகையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழக்கமான லித்தியம் அயான் முந்நூறு முதல் ஐந்நூறு தடவை முழுதாக ஏறி இறங்கியபின் தளர்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும், எளிதில் தீப்பற்றாது, ஆனால் அதே கொள்ளளவுக்குப் பருமனும் எடையும் அதிகம். சட்டைப்பைக்கு ஒத்துவராது. வீட்டில் ஓரிடத்தில் வைக்கும் பெரிய பெட்டிக்கு அதுவே சரி.

உப்பிய பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது. குத்திப் பார்ப்பதும் அமுக்கி மூடுவதும் ஆபத்து. வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில், எரியும் பொருள் அருகில் இல்லாமல் வையுங்கள். சார்ஜில் இருக்கும்போது புகைந்தால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு தண்ணீர், நிறையத் தண்ணீர். இந்தத் தீயைத் துணியால் மூடி அணைக்க முடியாது, செல் உள்ளுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும், குளிர்விப்பதுதான் வழி. தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றுவதை வீட்டில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். ஆயுள் முடிந்ததைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. கேரளப் பக்கத்தில் வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் மின்னணுக் கழிவைப் பற்றிக் கேளுங்கள். மற்றக் கழிவோடு கலந்து கொடுத்தால் அவர்கள் கைதான் வேகும்.

வளைகுடாவுக்குப் போகும் வீடுகள் இரண்டு பக்கமும் இருப்பதால் விமான விதியும் தெரிந்திருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் இல்லை. 20000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-மணி, ஆகவே போகலாம். வாட்-மணி அச்சிடாத பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடுவார்கள். 2025 ஜனவரி 28 அன்று கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தது. காரணமாகப் பவர் பேங்க் சந்தேகிக்கப்பட்டதும் விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பயணத்தின்போது அதைப் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டன.

கடைசியாக, ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பவர் பேங்க் வாங்குவதைத் தாண்டிய ஒரு கோரிக்கை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துக் கைபேசி ஏற்றிக்கொண்டார்கள் மக்கள். தோட்டத்து லயங்களில் அந்த நிலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் வைத்த 500 வாட்-மணிப் பெட்டி ஆறேழு கிலோ எடை. ஒருவர் தூக்கிப் போகலாம். இழப்புகள் போக இருபது கைபேசிகளை ஒருமுறை முழுக்க நிரப்பும், அல்லது நாற்பதைப் பாதியளவு. லயத்துக்கு ஒன்று, பிள்ளைக் காப்பகத்தில் மேட்டுத் தரையில் வைத்து, ஒருவர் பொறுப்பில் விட்டு, மே மாதக் கடைசியில் நிரப்பிச் சோதித்துப் பார்த்தால் தென்மேற்குப் பருவம் முழுவதற்கும் துணை. அதன் விலை ஓர் உயர்ரகக் கைபேசியின் விலைக்குள் அடங்கும். தோட்ட நிர்வாகமும் கிராம பஞ்சாயத்தும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். அடுத்த மழைக்கு முன் நடக்கும் கிராம சபையில் இதை எழுத்தில் கொடுத்துக் கேட்கலாம். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் பஞ்சாயத்துகளில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம்.